சின்னாறு பாலமும் சில தாலிகளும்

ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது மூன்று பேரைக் கேட்பார்கள். ஜோசியர், மண்டபத்துக்காரர், சமையல்காரர். நாலாவது ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை, அவராகவே வந்துவிடுவார். வானம்தான் அது!

நான் பிறந்தது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் தமிழும். எங்கள் பக்கம் கல்யாணக் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. தமிழில் ஆடி ஆகாது, மலையாளத்தில் கர்க்கிடகம் ஆகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதம்தான், பேர்தான் வேறே. அதனால் வைகாசி, ஆனியை விட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அந்த வைகாசியில்தான், ஜூன் பிறந்ததும், தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குள் வரும். பஞ்சாங்கம் திறந்துவிடும் கதவை மழை வந்து மூடும்.

இதற்கு விதிவிலக்கான இடம் ஒன்று இடுக்கி மாவட்டத்து எல்லையில் இருக்கிறது. மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில் வரும் சின்னாறு. அரபிக்கடல் மேகமெல்லாம் ஆனைமலையின் மேற்குச் சரிவில் மோதி மூணாறில் கொட்டிவிடும். 2695 மீட்டர் ஆனைமுடியைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. மூணாறில் குடையும் ஸ்வெட்டருமாகக் கிளம்பினால், சுமார் 60 கிலோமீட்டரில் சின்னாறு வரும். அங்கே முள்காடும் கள்ளியும் வெயிலும்தான். கேரளத்தில் இப்படியும் ஒரு இடமா என்று முதல் முறை பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது :-)

அங்கே ஆறுதான் எல்லை. ஒரு கரை கேரளம், மறு கரை தமிழ்நாடு. இந்தத் தண்ணீர் பாம்பாற்றோடு கலந்து அமராவதியாகி, கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது. ஆற்றுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மனிதர்களுக்குத்தான் 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டார்கள். தேவிகுளமும் பீர்மேடும் எங்கே சேர வேண்டும் என்று பெரிய போராட்டமே நடந்து, கடைசியில் கேரளத்தோடு நின்றன. மதராஸ் மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடும் கேரளமானது. கோடு விழுந்ததே தவிர, பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்க்காரர்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்வார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் சொந்தபந்தம் பாதி மலைக்குக் கீழேதான். அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கோடு கல்யாணப் பத்திரிகைக்குத் தெரியாமலே இருந்தது.

2020-ல் தெரிந்தது.

மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் எழுதிய தொற்றுநோய்ச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். மே மாதம் வாளையாறு சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் வெயிலில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது. எல்லை தாண்டினால் இ-பாஸ், பிறகு 14 நாள் தனிமை. மாப்பிள்ளை வீட்டார் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்ப ஒரு மாதம் லீவு போட வேண்டும் என்று அர்த்தம்.

அந்த ஜூனில் இடுக்கிப் பெண் ஒருத்திக்கும் தமிழ்நாட்டுப் பையன் ஒருவனுக்கும் சின்னாறு பாலத்தில் கல்யாணம் நடந்தது. ரோடுதான் மண்டபம். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பார்த்து நிற்க, அவரவர் எல்லையிலிருந்து வந்த கொஞ்சம் உறவினர்கள் முன்னால் சில நிமிஷத்தில் தாலி ஏறியது. பெண் அந்தப் பக்கம் போனாள், பெற்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2021-ல் இரண்டாம் அலை வந்தபோதும் அதே பாலத்தில் கல்யாணங்கள் நடந்தன. ஒரு தடவை நடந்தால் செய்தி, திரும்பத் திரும்ப நடந்தால் அது வழக்கம்.

இதே கேரளத்தில் 2021 அக்டோபர் வெள்ளத்தில், ஆலப்புழை தலவடியில் ஒரு ஜோடி பெரிய சமையல் அண்டாவில் உட்கார்ந்து மிதந்து போய்த் தாலி கட்டிக்கொண்டது. படத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2020 வைகாசியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை பொள்ளாச்சி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அக்கா போனில், "எல்லையிலேயே எங்காவது ஒரு கோயில்ல தாலி கட்டிடலாமாடா? அப்பாவுக்கும் கண் நிறைஞ்ச மாதிரி இருக்கும்" என்று கேட்டாள். மஸ்கட்டில் உட்கார்ந்திருந்த நான் பாங்க் ஆபீசர் மாதிரி பதில் சொன்னேன். கடன் தவணையைத் தள்ளிவைப்பது போல, ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்று. விமானம் இல்லை, தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? ரோட்டில் வைத்தா தாலி கட்டுவது? ஊர் என்ன சொல்லும்?

அக்கா மறுபேச்சு பேசவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. கார்த்திகையில் அப்பா போய்விட்டார். தை மாதம் 2021-ல் கல்யாணம் நடந்தது. நானும் போனேன், சீர் வைத்தேன். முன் வரிசையில் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலியை அக்கா காலியாகப் போட்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் சின்னாறு கல்யாணங்களைத் தேடித் தேடிப் படித்தேன். நம் பாட்டன் காலத்தில் மண்டபம் ஏது? வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், அதுவும் போதாவிட்டால் தெருவை அடைத்துப் பந்தல். இடம் காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் இருக்கும்போதே தாலி ஏற வேண்டும் என்பதுதான் மாறாதது. அந்தப் பாலத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

போன லீவில் உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் வழியில் சின்னாறில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வெறும் கான்கிரீட் பாலம், கீழே கொஞ்சம் தண்ணீர். அக்கா மகளும் மாப்பிள்ளையும் கூட இருந்தார்கள். "இங்கே என்ன மாமா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு கல்யாண மண்டபம்மா" என்றேன்.