கழித்துப் போட்டதில் பிறந்த போலோ சைக்கிள்

சைக்கிளில் இருந்தபடி மட்டையால் பந்தடித்து ஆடும் சைக்கிள் போலோவுக்கு வயது நூற்றிமுப்பதைத் தாண்டிவிட்டது. 1891-இல் அயர்லாந்தின் விக்லோ பகுதியில், சைக்கிள் பந்தய வீரரும் பத்திரிகை ஆசிரியருமான ரிச்சர்ட் மெக்ரெடி அதைத் தொடங்கிவைத்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கண்காட்சி ஆட்டமாக ஆடியபோது அயர்லாந்து ஜெர்மனியை வென்றது. அதெல்லாம் புல்தரையில்.

சிமென்ட் தரைக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து சைக்கிள் கூரியர்கள். 1990-களின் கடைசியில், வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில், கார் நிறுத்துமிடங்களில் ஆடத் தொடங்கினார்கள். அணிக்கு மூன்று பேர். கால் தரையில் பட்டால் உடனே ஆட்டத்திலிருந்து விலகி, மைதானத்தின் ஓரத்துக்குப் போய் மட்டையால் தட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இந்த ஒரே விதிதான் சைக்கிளின் உருவத்தையே தீர்மானித்தது. நின்ற இடத்தில் சாயாமல் நிற்க வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், நாலு மிதியில் வேகம் பிடிக்க வேண்டும். அப்படியொரு வண்டி அன்று எந்தக் கடையிலும் இல்லை.

பழைய சாமான்களில் அது இருந்தது. 1990-களில் மலைச் சைக்கிள்களுக்கு ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் வந்ததும், 1980-களின் கெட்டி ஃபோர்க் வண்டிகள் மலிந்துபோயின. 26 அங்குலச் சக்கரம், அடி தாங்கும் இரும்பு பிரேம். அதிலும் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டக்கூடிய பிரேமுக்குத் தனி மதிப்பு. விழும்போது முதலில் வளைவது கியர் மாற்றும் கருவிதான். அதைக் கழற்றிவிட்டால் செயினின் தொய்வைச் சக்கரத்தை நகர்த்தித்தான் எடுக்க முடியும். முன்னால் 32 பல், பின்னால் 18 பல் என்ற அளவில் ஒரே கியர் போட்டால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி நாலு மீட்டருக்குள்தான் போகும். இந்த ஆட்டத்துக்கு அது போதும்.

வலது கையில் மட்டை இருப்பதால் பிரேக் பிடி இடது பக்கம் போனது. ஒரே பிடியில் இரண்டு கேபிளையும் இழுக்கும்படி மாட்டியவர்களும் உண்டு.

மட்டையும் கழிவுதான். பனிச்சறுக்குக்காரர்கள் விற்றுத் தள்ளிய அலுமினியக் கோலின் நுனியில், பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் துளைபோட்டு போல்ட் முடுக்கினார்கள். பந்தும் மட்டையும் பட்டுச் சக்கரக் கம்பிகள் உடையாமலிருக்கத் தேர்தல் முடிந்து வீசப்பட்ட பிளாஸ்டிக் விளம்பரத் தட்டிகளை வட்டமாக வெட்டிச் சக்கரத்தில் கட்டினார்கள். நாளடைவில் அந்த வட்டங்களில் அணிகள் தங்கள் சின்னங்களை வரைந்துகொண்டன. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்: பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒன்று அணியின் கொடியாகிவிட்டது.

2010-இல் பெர்லினிலும் 2011-இல் சியாட்டிலிலும் உலகப் போட்டிகள் நடந்தன. அந்த ஆண்டுகளில் போலோவுக்கென்றே வடிவமைத்த பிரேம்களும் மட்டைகளும் விற்பனைக்கு வந்தன. கூரியர்கள் பழைய பிரேம்களில் தட்டித் தடவிக் கண்டுபிடித்த குட்டையான சக்கர இடைவெளி, தாழ்ந்த கியர், இடக்கைப் பிரேக் ஆகியவையே அந்தப் புதிய வண்டிகளுக்கும் அளவுகளாயின.