உப்புநீர் கலக்கும் டிரம்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, அதாவது ரீஃப் டேங்குக்கு, மாற்று நீர் தயாரிக்கும் பாத்திரம்தான் உப்புநீர் கலக்கும் டிரம். தாதுக்கள் நீக்கிய நீரை இதில் நிரப்பி, கடையில் விற்கும் செயற்கைக் கடலுப்பைப் போட்டு, சிறு பம்பால் சுழலவிட்டு, கிலோவுக்கு 35 கிராம் என்ற கடலின் உப்புச்செறிவுக்குக் கொண்டுவருகிறார்கள். தொட்டியிலிருந்து எவ்வளவு பழைய நீரை வெளியேற்றுகிறார்களோ அவ்வளவு புதுநீரை இதிலிருந்து ஊற்றுகிறார்கள். வேலை இவ்வளவுதான். ஆனாலும் ஃபிளாட்டில் இருப்பவரைத் தொட்டியைவிட இந்த டிரம்தான் அதிகம் படுத்துகிறது. தொட்டி வரவேற்பறையில் நாலு பேர் பார்க்க நிற்கும்; டிரம்முக்கு யாரும் முன்கூட்டி இடம் ஒதுக்குவதில்லை.

இது குறித்துக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி வட அமெரிக்கத் தனிவீடுகளில் பிறந்தது. கார் ஷெட்டிலோ நிலவறையிலோ ரப்பர்மெய்ட் நிறுவனத்தின் ‘ப்ரூட்’ குப்பைத்தொட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்: ஒன்றில் சுத்த நீர், மற்றதில் உப்புநீர். 32 காலன் அளவு என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 லிட்டர், 44 காலன் என்றால் 166 லிட்டர். சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சுவது ஒன்றரை அடி. அங்கே இந்த ஏற்பாட்டைச் சின்னதாக்கிப் பொருத்தப் பார்ப்பதில் பயனில்லை, கணக்கையே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தொட்டி எத்தனை லிட்டர் என்பதை வைத்து டிரம்மின் அளவை முடிவு செய்யக்கூடாது. ஒரு தடவைக்கு எவ்வளவு நீர் மாற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு தடவை அளவைக் குறைத்துக்கொண்டால், ஒரே டிரம் திங்களன்று சுத்த நீர்த் தொட்டியாகவும் செவ்வாயன்று கலவைத் தொட்டியாகவும் இருக்கும். தரையில் இல்லாத இடத்தை நாட்களில் எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 200 லிட்டர் நீர் ஓடும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை 40 சதவீதம் மாற்றுவதென்றால் ஒரே நாளில் 80 லிட்டர் புதுநீர் வேண்டும். வாரம் 10 சதவீதம் என்றால் 20 லிட்டர் போதும். மாதக் கணக்கில் இரண்டும் 80 லிட்டர்தான், ஆனால் பலன் ஒன்றல்ல. இரண்டாம் வாரம் உறிஞ்சி வெளியேற்றும் நீரில் முதல் வாரம் ஊற்றிய புதுநீரும் கொஞ்சம் கலந்து போகிறது. நான்கு வாரம் முடியும்போது பழைய நீரில் 65.6 சதவீதம் தொட்டியிலேயே இருக்கும்; மாறியது 34.4 சதவீதம் மட்டும். பெரிய டிரம் வாங்கச் சொல்பவர்கள் காட்டும் முதல் ஆதாரம் இதுதான், அது சரியும்கூட. ஆனால் இந்தக் குறையை ஈடுகட்ட எவ்வளவு ஆகும் என்று அவர்கள் சொல்வதில்லை. ஐந்தாவதாக ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் 41 சதவீதம் வந்துவிடும். லிட்டருக்கு 37 கிராம் என்று வைத்தால் அதற்கு ஆகும் உப்பு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் முக்கால் கிலோ உப்பா, வீட்டுக்குள் நிரந்தரமாக இன்னொரு பீப்பாயா என்று கேட்டால், ஃபிளாட்வாசிக்கு விடை கடினமல்ல.

சிறு அளவுக்கு இன்னொரு குணமும் உண்டு: கலப்பதில் நேரும் பிழையைத் தொட்டி பெரிதாக உணராது. புதுநீர் 35க்குப் பதில் 33 என்று நீர்த்துப்போய்விட்டது என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு மாற்றும்போது தொட்டியில் இறங்குவது 0.2 மட்டும், 40 சதவீதம் மாற்றினால் 0.8. காரத்தன்மை 8 டி.கே.எச். உள்ள தொட்டியில், 11 காட்டும் உப்பில் கலந்த நீரை ஊற்றினால் முதல் வழியில் ஏற்றம் 0.3, இரண்டாம் வழியில் 1.2. அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்கள் பொறுக்காதது இந்தத் திடீர் ஏற்ற இறக்கத்தைத்தான். சிறுசிறு தவணைகளாகக் கலந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அமையும், பையின் மேல்பகுதி உப்பும் அடிப்பகுதி உப்பும் ஒன்றாக இருக்காது என்பது இதற்கு எதிரான வாதம். பருத்த துகளும் நுண்துகளும் போக்குவரத்தில் பிரிந்துவிடுவது உண்மை. பையைப் பிரித்ததும் உலர்ந்த மூடிப் பெட்டியில் கொட்டி நன்றாக உருட்டிவிட்டு, கப்பால் அளக்காமல் தராசில் நிறுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 35 செறிவுள்ள திரவத்தால் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துக்கொள்வது எப்படியும் செய்ய வேண்டியது.

ஒன்றை மட்டும் சிறு டிரம்மின் உண்மையான பலவீனமாக ஒப்புக்கொள்ள வேண்டும்: அது சீக்கிரம் சூடாகும். நீருக்குள் மூழ்கியிருக்கும் 20 வாட் பம்ப் தன் மின்சாரம் முழுவதையும் கடைசியில் வெப்பமாகவே நீருக்குக் கொடுக்கிறது. 20 லிட்டரில் அது மணிக்கு ஏறக்குறைய 0.9 டிகிரி. சித்திரை வெயிலில் 32 டிகிரி அறையில் இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் டிரம்மின் உள்சுவர் வெள்ளை பூத்திருக்கும். பம்பின் சக்கரத்தைத் தொட்டால் நறநறக்கும். கரைந்திருந்த கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிட்டன என்று பொருள். சூடு கூடக் கூட கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைவதால் வருவது இது. சில உப்புகளின் உறையிலேயே சில மணி நேரத்துக்கு மேல் கலக்க வேண்டாம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆறேழு வாட் பம்ப் ஒன்று போதும். உப்பு கரைந்து நீர் தெளிந்ததும் நிறுத்திவிடலாம். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாமல், சுழலும் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதும் இந்தச் சுண்ணாம்புப் படிவைத் தவிர்க்கத்தான்: கொஞ்ச நீரில் உப்பு குவிந்தால் அந்த இடத்திலேயே சுண்ணாம்பு பிரிந்துவிடும்.

வடிவத்தில் வட்டமா சதுரமா என்பது ஒன்றரை அடிக்காரருக்கு முக்கியமான கேள்வி. 40 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. உயரமும் உள்ள உருளையில் 62 லிட்டருக்குச் சற்று அதிகம் பிடிக்கும். அதே 40 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பெட்டியில் 80 லிட்டர். நான்கு மூலைகளை வீணாக்குவானேன் என்று தோன்றும். ஆனால் நிறைந்த பெட்டியின் ஒவ்வொரு பக்கச் சுவரையும் உள்ளிருந்து நீர் தள்ளும் விசை, ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமம். உருளை அந்த விசையைச் சுற்றிலும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். தட்டைச் சுவர் வெளியே புடைக்கும். துணி வைப்பதற்கென்று செய்த பிளாஸ்டிக் பெட்டிகள் இப்படிப் புடைத்துப் புடைத்து, ஒரு நாள் மூலையில் விரிந்துவிடும்; நீர் கீழ்வீட்டு விட்டத்தில் போய் நிற்கும். ஆகவே துணிப்பெட்டி வேண்டாம். தட்டையானதுதான் நுழையும் என்றால், நீர் வைக்கவே வார்த்த, கைப்பிடியுள்ள தடித்த ஜெர்ரி கேன் இருக்கிறது. அதன் குறுகிய வாயில் பம்ப் நுழையாது, கையும் நுழையாது. சேமிக்க உதவும், கலக்க உதவாது. கலக்கும் டிரம்முக்கு வாய் அகலமாகவும் மூடி இறுக்கமாகவும் இருப்பதுதான் முதல் தகுதி. மூடி இல்லாவிட்டால் நீர் ஆவியாகி உப்பு ஏறும், பக்கத்துச் சுவரும் மெஷினும் உப்புப் பூக்கும்.

எடையும் இங்கேயே தீர்மானமாகிறது. உப்புநீர் லிட்டருக்கு 1.025 கிலோ. நிறைந்த 200 லிட்டர் பீப்பாய் 200 கிலோவைத் தாண்டி, மூன்று பெரியவர்கள் இரண்டடி வட்டத்துக்குள் நெருக்கி நிற்பதற்கு ஈடாகிவிடும். வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. அதைப் பரப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்றாலும், சுவரை விட்டு வெளியே நீண்ட பால்கனியின் விளிம்பில் இப்படிப்பட்ட பீப்பாயை நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது விவேகமல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் தரை மிச்சமாகுமே என்பார்கள். தரை மிச்சமாகும், எடை அப்படியேதான் இருக்கும். கூடவே அதைத் தாங்க ஒரு இரும்பு ஸ்டாண்டும் வேண்டும்.

எதால் செய்தது என்பதில் தமிழ்வீட்டுப் பழக்கம் ஒரு வழியில் இழுக்கும். பரணில் பித்தளை அண்டா கிடக்கும், எவர்சில்வர் டிரம்மும் இருக்கும். பித்தளையில் தாமிரம் இருக்கிறது. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு, தனித் தொட்டியில் லிட்டருக்குக் கால் மில்லிகிராமை எட்டாத அளவு தாமிரம் சேர்த்து மருத்துவம் செய்கிறார்கள். இறாலும் நத்தையும் பவளமும் அந்த அளவுக்கே தாங்காது. எவர்சில்வரை உப்புநீரின் குளோரைடு புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆக, பிளாஸ்டிக்தான், அதிலும் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று பொறித்த எச்.டி.பி.இ., அல்லது 5 என்று பொறித்த பாலிபுரோப்பிலீன், உணவுப்பொருளுக்கு ஏற்றது என்ற குறியோடு. பழைய நீலப் பீப்பாய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு விற்பவர் வாய்ச்சொல்தான் சாட்சி. வெள்ளை நிறம் நல்லது: அடியில் கரையாத உப்பு மணல்போல் கிடப்பது கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் அளவுக்கோடு போட்டுக்கொள்ளலாம். வெயில் படும் பால்கனியில் மட்டும் அதில் பாசி பிடிக்கும்.

சுத்த நீருக்குத் தனி டிரம் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் ஆர்.ஓ. இயந்திரமே. நாளுக்கு 75 காலன் என்று குறித்த சவ்வு, முழு அழுத்தம் கிடைத்தால், மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் தரும். 20 லிட்டருக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் சமையலறையில் மாட்டியிருப்பதை அப்படியே பயன்படுத்த முடியாது. குடிநீருக்கு ருசி வர வேண்டும் என்று அதில் டி.டி.எஸ். கட்டுப்படுத்தி வைத்து, சவ்வு வழியே போகாத நீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். கலப்பதற்கு முன்னால் குழாயைப் பிரித்து, மிஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியே விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரைத்தான் பிடிக்க வேண்டும். தொட்டியில் அன்றாடம் ஆவியாவதை ஈடுகட்டவும் இந்தச் சுத்த நீரே தேவை, அதற்கு ஒரு 20 லிட்டர் கேன் தனியாக இருக்கட்டும். கேனிலும் டிரம்மிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது நல்லது, பார்வைக்கு இரண்டு நீரும் ஒன்றுதான்.

பக்கத்திலேயே வங்கக்கடல் இருக்க, கலப்பானேன் என்ற கேள்வி சென்னையில் வராமல் இருக்காது. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நீரை எடுக்காமல் இருக்கக் காரணம் வேறு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும், கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பதும் அதோடு கலக்கும்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் அவசர காலம் பற்றியது. பக்கத்து அறையில் அடித்த பூச்சிமருந்தோ, பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீனோ ஒரே இரவில் தொட்டியைக் கெடுத்துவிட்டால் 100 லிட்டர் உடனே வேண்டும், ஆர்.ஓ. அதைத் தர எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். இதற்காக மாதக்கணக்கில் 100 லிட்டர் கலந்து வைப்பதை விட, 100 லிட்டருக்கு வேண்டிய 3.7 கிலோ உப்பை உலர்வாக வைத்திருப்பது அறிவுடைமை. அது ஒரு அரிசி டப்பாவில் அடங்கும். தண்ணீருக்கு, தெருமுனைக் கடையில் சொன்னால் 20 லிட்டர் கேன்கள் ஐந்து வீட்டுக்கே வரும். அன்றாடத்துக்கு ஆகாத நீர்தான், ஆபத்துக்கு ஆகும். இதை மனத்தில் வைத்துத்தான் டிரம்மை ஒரு மாற்றுக்குரிய 20 லிட்டரோடு நிறுத்தாமல் 60 லிட்டராக வாங்கச் சொல்வது: மூன்று கேன் ஒரே தவணையில் கலந்துவிடும், மற்ற நாட்களில் மேலே உள்ள வெற்றிடம் நீர் தெறிக்காமல் காக்கும்.

வாரத்தில் மூன்று நாள் நீரோடு இருக்கும் டிரம், மீதி நாள் காலி. உள்ளே படிந்த வெள்ளையை நீர்த்த வினிகரால் துடைத்துக் கழுவி, கவிழ்த்து உலர்த்திய பிறகு, பம்பு, ஹோஸ், தராசு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு மூடிவிடலாம். உப்பு மட்டும் தன் டப்பாவில் தனியே இருக்க வேண்டும், ஈரம் பட்டால் கல்லாகிவிடும்.