ஏப்ரலில் நுவரெலியா: பஸ் ஏறுமுன் ஒரு பாடம்



சித்திரை விடுமுறை கிட்டுகிறது. எங்கள் பாடசாலையிலும் நுவரெலியாச் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிட்டது. பஸ் வாடகை எவ்வளவு, தலைக்கு எவ்வளவு விழும், பகல் சாப்பாட்டை யார் பொறுப்பெடுப்பது, லுஹரையும் அஸரையும் எங்கே தொழுவது என்று ஆசிரியர் அறையில் ஒரு கொப்பியே நிரம்பிவிட்டது. பிள்ளைகளின் பட்டியல் சின்னது. கிரகரி வாவியில் படகு, கரையில் குதிரை, விக்டோரியா பூங்காவில் படம், பேசும்போது வாயிலிருந்து புகை வருகிற குளிர். அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும் என்று வரலாறு படிப்பிக்கிற நாங்கள் நினைக்கிறோம். நாம் ஆசையோடு பார்க்கப் போகும் அந்த மலை நகரத்தை யார், யாருக்காக உண்டாக்கினார்கள்? பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில், ஏன் ஏப்ரல்? நாட்டில் வெயில் உச்சியில் நிற்கும் மாதம் அது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே நாம் வியர்த்துக்கொண்டிருக்கும் நாளில் அங்கே கம்பளிச் சட்டை தேவை. வெள்ளைக்காரர்கள் ஆண்ட இடமெல்லாம் இப்படி ஒரு மலையைத் தேடிப் பிடித்தார்கள். வட இந்தியாவில் சிம்லா, தமிழ்நாட்டில் ஊட்டி, இங்கே நுவரெலியா. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து எழுதினார். பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கு அங்கே ஒரு மாளிகை கட்டினார். நோயுற்ற படையினரை உடல் தேற அனுப்பும் இடமாகவும் அது ஆனது. காலப்போக்கில் ஆளுநர், அதிகாரிகள், தோட்டத்துரைமார் எல்லோரும் வெயில் காலத்தில் மலை ஏறினார்கள். 1875இல் குதிரைப் பந்தயத் திடலும் வந்தது. இன்று நாம் 'வசந்த காலம்' என்று கொண்டாடும் ஏப்ரல் அவர்கள் விட்டுப்போன வழக்கம்.

அவர்கள் ஓடியது வெயிலுக்கு மட்டுமல்ல, காய்ச்சலுக்கும்தான். நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கரின் கதை அதற்குச் சாட்சி. 1840களில் தாழ்நிலக் காடுகளில் யானை வேட்டையாடித் திரிந்த அவரைக் காட்டுக் காய்ச்சல் வாட்டியது. உடல் தேற நுவரெலியாவுக்குப் போனார். அந்தக் குளிர் அவரைத் தூக்கி நிறுத்தியது. 1848இல் குடும்பம், வேலையாட்கள், மாடு, ஆடு, வேட்டை நாய்கள் சகிதம் திரும்பி வந்து அங்கே பண்ணை போட்டார். பிற்காலத்தில் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான்.

அந்தக் காய்ச்சல் நம் பக்கத்து ஆட்களுக்கு அந்நியமல்ல. மலேரியாவையும் 'கொயினா' மருந்தின் கசப்பையும் பற்றி நம் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் கொயினாவுக்கும் நாம் போகப்போகும் ஹக்கல பூங்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று ரோசாவுக்கும் பன்னத்துக்கும் பேர்போன ஹக்கல, 1861இல் அழகுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. தென்னமெரிக்க அந்தீஸ் மலையிலிருந்து வந்த சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் அது தொடங்கப்பட்டது. சிங்கோனாவின் பட்டையிலிருந்துதான் கொயினா எடுத்தார்கள். 1880களில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்றாகச் சிங்கோனாப் பட்டை இருந்தது. பட்டை உலகச் சந்தையில் மலிந்து விலை விழ, தோட்டக்காரர்கள் அதைக் கைவிட்டார்கள். காய்ச்சல் போகவில்லை. 1934–35 கொள்ளைநோயில் மட்டும் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது 2016இல்தான். ஹக்கலயில் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பூங்கா வேறொன்றாகத் தெரியும்.

அடுத்தது வாவி. குளக்கட்டில் விளையாடி வளர்ந்த உன்னிச்சைப் பிள்ளைகள் கிரகரி வாவியைப் பார்த்ததும் கேட்பார்கள்: "சேர், இதுவும் குளந்தானே?" ஓம், குளம்தான். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடையை மறித்துக் கட்டியது. அதே 1873இல்தான் அவர் வடமத்திய மாகாணத்தையும் உருவாக்கினார். தூர்ந்து கிடந்த குளங்களைத் திருத்தி அங்கே வயல் செய்ய வைப்பதும் அவருடைய திட்டத்தில் இருந்தது. ஒரே ஆட்சி கீழே சோற்றுக்காகவும் மேலே உல்லாசத்துக்காகவும் தண்ணீரை மறித்தது. நம் குளத்துத் தண்ணீர் வயலுக்கும் போகிறது, மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களுக்கும் போகிறது. விக்டோரியா பூங்காவின் பெயரும் அந்த உல்லாசக் காலத்தின் முத்திரைதான். மகாராணி விக்டோரியா அரியணை ஏறிய 60ஆம் ஆண்டு நிறைவுக்காக 1897இல் வைத்த பெயர்.

சரி, இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? முதலில் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிறகு மலை முழுக்கத் தேயிலை. 1885இல் நானுஓயா வரை புகையிரதம் வந்தது. தேயிலையை இறக்கவும் துரைமாரை ஏற்றவும் அந்த ஒரே பாதைதான்.

அந்த மலையை வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். கங்காணிகளோடு தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். துரைமார் எந்தக் காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறினார்களோ, அதே காய்ச்சலுக்குள்ளால்தான் இவர்கள் மலைக்கு நடந்து வந்தார்கள். வந்த பிறகும் கிடைத்தது ஓய்வல்ல, லயன் அறை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. யாரிடம் கேட்டு? மிச்சமிருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 2003 வரை சென்றது. 2023இல் மலையக மக்கள் தமது 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள்.

இனி, இதை ஏன் எழுதுகிறோம் என்று சொல்கிறோம்.

போன முறை போனபோது, வழியில் ஒரு தோட்டத்தோரம் பஸ்ஸை நிறுத்தினோம். பிள்ளைகள் இறங்கி ஓடிப்போய், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கத் தொடங்கினார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. நாங்களும் தடுக்கவில்லை. ஒரு தாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எந்த ஊரு புள்ள?" என்று கேட்டார். பிள்ளை, "உன்னிச்சை, மட்டக்களப்பு" என்றது. "எழுபத்தேழு கலவரத்துக்குப் பொறகு எங்க மாமா குடும்பம் மட்டக்களப்புப் பக்கந்தான் போனாங்க. இப்ப எங்க இருக்காங்களோ" என்றார் அவர். பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்தது. எங்களிடம் பதில் இல்லை. 1977 வன்செயலில் அடிபட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த மலையகக் குடும்பங்களைப் பற்றி ஒரு பாடமாவது எடுத்திருந்தால், அந்தப் பிள்ளை அவரிடம் இன்னொரு கேள்வியாவது கேட்டிருக்கும்.

இது விளங்காதவர்களா நாம்? 1990இல் உன்னிச்சை உட்படப் படுவான்கரை ஊர்களிலிருந்து வெளியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் அல்லவா? விட்டுவந்த வீடும் வளவும் என்ன ஆனதோ என்று ஏங்கிய பெற்றோரோடு வளர்ந்தவர்கள் நாம். இன்று நம் குளக்கட்டுக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். இந்த ஊரில் என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவர் கேட்டாலும் மனசு குளிர்ந்துவிடும். அந்தக் கேள்வியை நாமும் மலையில் கேட்கலாம்.

ஆகவே இந்த முறை எங்கள் திட்டம் இது. செங்கலடியிலிருந்து புறப்படும் பதுளை வீதி, மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி நுவரெலியாவுக்கே போகிறது. அந்த வழியால் போனால் நகரத்துக்கு முன்னாலேயே ஹக்கல வந்துவிடும். முதலில் அங்கே இறங்கி, சிங்கோனாவின் கதை. பிறகு வாவி, படகு, குதிரை, ஆசை தீர விளையாட்டு. அதில் ஒன்றையும் குறைக்க மாட்டோம், பிள்ளைகள் பிள்ளைகள்தான். தோட்டத்தோரம் நிறுத்தினால் முதலில் சலாமுக்குப் பதிலாக ஒரு வணக்கம், பிறகு சுகம் விசாரிப்பு, சம்மதம் கேட்டுத்தான் படம். போகுமுன் வகுப்பில் ஒரு பாடவேளை இந்த வரலாறு. திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: "நான் பார்த்த இடத்தை உண்டாக்கியவர்கள் யார்?"

மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் இந்த ஏப்ரலில் மலை ஏறுவீர்கள். உங்கள் கொப்பியிலும் இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை.

இன்ஷா அல்லாஹ், போய் வந்து பிள்ளைகள் எழுதியதைப் பகிர்கிறோம்.