ஏட்டை விட்டு வாளெடுத்த பேராசிரியர்

வடநூற் கலையும் வைத்தியமும் கற்ற பரஞ்சோதியார் படைத்தலைவராகி வாதாபியை வென்ற வரலாற்றைப் பெரியபுராணத்திலே படித்திருக்கிறோம். கற்றவன் போர்க்களம் புகுந்தால் அவன் கற்ற கல்வி அங்கே என்னவாகிறது? ஒரே நாட்டு மக்கள் எதிரெதிரே நின்று பொருது, 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலே (1861–1865) இதற்கு விடைதேட முனைவோர்க்கு யோசுவா லோறன்ஸ் சேம்பர்லெயினின் வாழ்க்கை நல்லதொரு துணை.

1828ஆம் ஆண்டில் மேயின் மாநிலத்திலே பிறந்த இவர் இளமையில் திக்கிப் பேசுபவர். கல்லூரியிற் சேரக் கிரேக்க மொழி வேண்டியிருந்தமையால் வீட்டிலிருந்து அதனைக் கற்றுப் பௌடொயின் கல்லூரியிற் புகுந்தார். அங்கு ஆசிரியராயிருந்த ஒருவரின் துணைவியார் ஹரியற் பீச்சர் ஸ்ரோ. அடிமைகளின் துயரைக் கூறும் தம் புகழ்பெற்ற நாவலை அவ்வம்மையார் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதன் பகுதிகளை அவர் படித்துக் காட்டிய வீட்டுக்கூட்டங்களுக்கு மாணவர் சேம்பர்லெயினும் போவதுண்டு. பின்னர், திக்குவாயை வென்ற அவரே அக்கல்லூரியிற் சொல்வன்மைக் கலையைக் கற்பிக்கும் பேராசிரியரானார்.

1862இல், ஐரோப்பா சென்று கற்றுவருமாறு கல்லூரி அவருக்கு ஈராண்டு விடுமுறை அளித்தது. அவரோ மாநில ஆளுநரிடம் சென்று தம்மைப் படைக்கு ஒப்புக்கொடுத்தார். ஆளுநர் ஒரு படைப்பிரிவின் தலைமையையே கொடுக்க முன்வந்தார். சேம்பர்லெயின் அதனை ஏலாது, தொழிலைக் கற்கவேண்டும் என்று சொல்லி, 20ஆம் மேயின் படைப்பிரிவில் இரண்டாந் தலைவராகவே சேர்ந்தார். இரவு நேரங்களிற் போர்நூல்களைப் பாடம் படிப்பதுபோலப் படித்தார். அவ்வாண்டு டிசம்பரிலே பிரெடெறிக்ஸ்பேர்க் களத்தில், கடுங்குளிரில், இறந்தவர் உடல்களையே அரணாகக்கொண்டு அவர் இராக்கழித்தார். இது எந்நூலும் கற்பிக்காத பாடம்.

1863 மே மாதத்தில் ஏறக்குறைய 120 வீரர் காவலுடன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். தம் படைப்பிரிவு வீடு திரும்பியபோது தாமும் திரும்பலாம் என நம்பி ஏமாந்து, இனிப் போரிடோம் என்று கலகஞ் செய்தவர்கள் அவர்கள். பணிய மறுப்பின் சுட்டுவிடலாம் என்பது மேலிடத்து ஆணை. சேம்பர்லெயின் முதலிற் காவலை அகற்றினார். பசித்துக்கிடந்தவர்களுக்கு உணவு கொடுத்தார். அவர்கள் குறையைக் கேட்டார். ஒருசிலர் தவிர அனைவரும் மீண்டும் துவக்கை எடுத்தனர்.

அதன் பயன் யூலை 2ஆம் நாள் கெற்றிஸ்பேர்க்கில் வெளிப்பட்டது. வடபடையின் இடக்கோடியிலே, லிற்றில் ரவுண்ட் ரொப் என்னுங் குன்றிற் சேம்பர்லெயினின் படை நின்றது. அங்கே வரிசை உடைந்தால் முழுப்படைக்கும் கேடு. அலபாமாவிலிருந்து வந்த 15ஆம் படைப்பிரிவு மீண்டும் மீண்டும் மேலேறித் தாக்கியது. குண்டுகள் தீர்ந்த நிலையில், துவக்கு முனையிற் கத்திகளைப் பொருத்திச் சரிவிலே பாயும்படி அவர் கட்டளையிட்டார். தென்படையினர் சிதறினர். இவ்வீரத்தையே பலரும் பாடுவர். துணிவு கல்லாதவரிடத்தும் உண்டு. அந்த 120 பேரை அவர் நடத்திய முறையையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

1864 யூன் 18இல், பீற்றஸ்பேர்க்கில், ஒரு குண்டு அவர் இடுப்பை ஊடறுத்தது. வாளை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றபடியே வீரரை முன்செல்ல விட்டாராம். பிழைக்கமாட்டார் என்றெண்ணிய தளபதி கிறான்ற் அவருக்கு உடனே பதவியுயர்வு அளித்தார். செய்தித்தாள்களும் மரணச்செய்தி வெளியிட்டன. சேம்பர்லெயினோ சில மாதங்களிற் களத்துக்குத் திரும்பிவிட்டார்.

1865 ஏப்பிரில் 9இல் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். 12ஆம் நாள் அப்போமற்றொக்ஸ் என்னும் சிற்றூரிலே தோற்ற படையினர் கோடன் என்னுந் தளபதியின் பின்னே ஆயுதங்களை ஒப்படைக்க வந்தனர். வென்றோர் பக்கத்திற் பறையில்லை, ஆரவாரமில்லை. துவக்கைத் தோளிற் சேர்த்து மரியாதை செய்யுமாறு சேம்பர்லெயின் தம் வீரரைப் பணித்தார். தலைகுனிந்து வந்த கோடன் நிமிர்ந்து, குதிரையைத் திருப்பி, வாளைத் தாழ்த்தினார். தம் வீரரும் அவ்வாறே மரியாதை செய்யப் பணித்தார். அன்றைய சடங்கில் சேம்பர்லெயினின் பங்கு எவ்வளவு என ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். எனினும் மரியாதை செய்யப்பட்டதைக் கோடனும் எழுதிவைத்தார். வடக்கிலே இச்செயலைக் கண்டித்தவர்களும் இருந்தனர். தோற்ற வீரரை வணங்கியதால் அவர்கள் காத்துநின்ற அடிமை முறையை அவர் வணங்கினார் என்று கொள்ளல் தகாது. ஆயினும் இதையுஞ் சொல்லவேண்டும்: இருபக்கத்து வெள்ளையரும் விரைவிற் கைகோத்தனர், விடுதலைபெற்ற 40 இலட்சம் கறுப்பினத்தவரின் சந்ததியினர் தெற்கில் வாக்குரிமையை உறுதியாய்ப் பெற 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.

பின்னர் நான்கு முறை மேயின் ஆளுநராகவும், 1871 முதல் 1883 வரை தம் கல்லூரியின் தலைவராகவும் சேம்பர்லெயின் பணியாற்றினார். மாணவருக்கு இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கப் போய், 1874இல் மாணவர் கலகத்தையும் எதிர்கொண்டார்! இம்முறை கலகக்காரரை வீட்டுக்கு அனுப்பினார், பெரும்பாலோர் திரும்பினர், சில ஆண்டுகளிற் பயிற்சிதான் கைவிடப்பட்டது. பீற்றஸ்பேர்க்கிற் பெற்ற புண் என்றும் முற்றாக ஆறவில்லை. ஐம்பது ஆண்டுகள் அதனோடு வாழ்ந்து, 1914இல் அதன் விளைவாலேயே அவர் உயிர்நீத்தார்.

இறுதிக்காலச் செய்தி ஒன்றுண்டு. குன்றிலே அவரை எதிர்த்த அலபாமாப் படையின் தலைவர் ஓட்ஸ். ஓட்ஸின் தம்பியும் கெற்றிஸ்பேர்க்கில் மாண்டவர். தம் வீரருக்கு அக்குன்றில் ஒரு நினைவுக்கல் நாட்ட அவர் முதுமையில் முயன்றார். சேம்பர்லெயின் கல்லை மறுத்தாரல்லர். ஓட்ஸின் படை அவ்வளவு தூரம் மேலேறவில்லை என்று கூறி இடத்தையே மறுத்தார். முதியவர் இருவரும் கடிதங்களில் அந்தச் சரிவை மறுபடியும் அளந்தனர். அக்கல் நாட்டப்படவேயில்லை.