அந்தாதி

ஒரு பாட்டின் ஈற்றில் நிற்கும் எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த பாட்டுக்கு முதலாக வரும்படி தொடுப்பது அந்தாதி. ஒரே பாட்டுக்குள் அடிகள் இவ்வாறு தொடர்ந்தால் அதை அந்தாதித் தொடை என்று யாப்பருங்கலக்காரிகை முதலிய யாப்பு நூல்கள் கூறும். பாடல்தோறும் இப்படித் தொடுத்த நூலுக்கும் அந்தாதி என்பதே பெயர். கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தோடு சென்று சேர்வதை மண்டலித்தல் என்பர்.

தோற்றம்

புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் நிலம், விசும்பு, வளி, தீ, நீர் என ஐம்பூதங்களை அடுக்குகிறார். அங்கே ஓரடியை முடிக்கும் பூதமே அடுத்த அடியைத் தொடங்கிவைக்கிறது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலைப் பாடிய பாட்டுகள் ஒன்றோடொன்று அந்தாதியாகத் தொடர்கின்றன.

பக்திக் காலம்

அந்தாதியைத் தனி நூல்வகையாக வளர்த்தவர்கள் அடியார்கள். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரும் ஆளுக்கொரு திருவந்தாதி பாடினர். நம்மாழ்வாரின் திருவாய்மொழி, 1,102 பாசுரங்களும் ஒரே தொடராய் ஓடி, உயர்வைச் சொல்லித் தொடங்கி உயர்வைச் சொல்லியே மண்டலித்து முடிகிறது. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, பின்னர்ச் சேக்கிழார் பெரியபுராணம் பாடத் துணைநின்ற நூல்களுள் ஒன்று.

வாய்மொழியாக ஓதப்பட்ட பாடல்களுக்கு இந்தத் தொடை பெருங்காவலாக இருந்தது. ஒரு பாட்டை முடிக்கும்போதே அடுத்த பாட்டின் முதற்சொல் நாவில் வந்துவிடும். நடுவில் ஒன்றை விட்டாலும், புதிதாக ஒன்றைச் செருகினாலும், தொடை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். கட்டு அவிழ்ந்து கலைந்த ஏடுகளை வரிசைப்படுத்தவும் இதுவே வழிகாட்டும். யாப்பின் அழகும் நூலின் பாதுகாப்பும் ஒன்றாகவே அமைந்தது தமிழ்ப் புலவர்களின் பெருஞ்சாதனை.

வகைகள்

நூறு வெண்பாவாலோ நூறு கட்டளைக் கலித்துறையாலோ அமைவது நூற்றந்தாதி. பத்துப் பத்துப் பாட்டாக நூறு பாடுவது பதிற்றுப்பத்தந்தாதி. நான்கடியிலும் முதலில் வரும் எழுத்துத்தொடர் ஒன்றாகவே இருந்து பொருள் மட்டும் வேறுபட்டால் யமக அந்தாதி. முதலெழுத்து மாறி மற்றவை ஒத்துவந்தால் திரிபந்தாதி. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இதழ் குவியவோ ஒட்டவோ செய்யும் ப, ம, வ, உ, ஒ போன்ற ஒலிகளை அறவே விலக்கிப் பாடினார். இத்தகைய நூல்களை உரையின்றிப் படிப்பது கடினம். ஆயினும் சொல்வளத்துக்கு இவற்றைவிடக் கடுமையான பயிற்சி இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலம்வரை அந்தாதிகள் தமிழ்க்கல்வியின் பாடங்களாக இருந்தன.

பிற்காலம்

18ஆம் நூற்றாண்டில் திருக்கடையூர் அபிராமி பட்டர் பாடிய அபிராமி அந்தாதி எளிமையால் மக்கள் நாவில் நிலைத்தது. இன்றும் வீடுகளிலும் கோயில்களிலும் ஓதப்படுகிறது. பாரதியார் விநாயகர் நான்மணிமாலையின் 40 பாடல்களையும் அந்தாதியாகவே தொடுத்தார். 1976இல் வெளிவந்த 'மூன்று முடிச்சு' படத்துக்குக் கண்ணதாசன் அந்தாதியில் பாட்டெழுதியபோது இலக்கணம் அறியாதவர்களும் அதன் இன்பத்தை உணர்ந்தனர். புலமையைக் காட்டப் பாடியவை ஏட்டோடு நிற்க, நினைவுக்கும் நாவுக்கும் இசைந்தவையே வழக்கில் வாழ்கின்றன. அந்தாதியைப் பயிலும் மாணவர் முதலில் வாய்விட்டு ஓதிப் பார்ப்பதே சிறந்த தொடக்கம்.