பெண் பூச்சியின் வாசமும் பத்து வருஷத் தப்பும்

ஒரு பூச்சியின் வயிற்று நுனிக்கு அரை டாலர் விலை. ஆமாங்க, அமெரிக்க அரசே அந்த விலை கொடுத்திருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழ் இதை எழுதுவார்களோ தெரியவில்லை!

கதை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் ஆரம்பிக்கிறது. எத்தியென் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர், பட்டு உற்பத்தி ஆசையில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டு வந்து வளர்த்தார். 1868 அல்லது 1869ல் சில புழுக்கள் தப்பி ஓடிவிட்டன. மனிதர் பிறகு வானத்துக் கிரகங்களை வரையப் போய்ப் பேரும் வாங்கிவிட்டார். பூச்சி மட்டும் அங்கேயே இருந்தது. 1889ல் மெட்ஃபோர்ட் மரங்களை மொட்டையடித்துவிட்டு, வீட்டுச் சுவரெல்லாம் கம்பளிப்புழுவாக ஊர்ந்ததாம். ஜிப்ஸி மாத் என்று அழைக்கப்பட்ட அதற்கு, ரோமா மக்களை அந்தப் பெயர் புண்படுத்துகிறது என்று 2022ல் ஸ்பாஞ்சி மாத் என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தப் பெண் பூச்சிக்கு இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. மரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு வாசத்தை விடும், ஆண் பறந்து வந்து சேரும். இதைக் கவனித்தவர்கள் 1890களிலேயே பெண் பூச்சியைக் கூண்டில் வைத்து ஆணைப் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் வயிற்று நுனியை வெட்டிச் சாறு எடுத்துப் பொறியில் வைத்தார்கள். பூச்சி எங்கே பரவியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இதுதான் வழி. உள்ளூரில் போதுமான பூச்சி கிடைக்காததால் ஐரோப்பாவிலிருந்து பெண் கூட்டுப்புழுக்களைச் சேகரித்து வரவழைத்தார்கள். ஒரு நுனிக்குச் சில சமயம் அரை டாலர் வரை ஆனதாக ரேச்சல் கார்சன் 1962ல் எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கம் விமானத்தில் டி.டி.டி. தெளிப்பு. 1957ல் மட்டும் சுமார் 30 லட்சம் ஏக்கர். லாங் ஐலண்ட் ஜனங்கள் கோர்ட்டுக்கே போனார்கள், பலிக்கவில்லை. ஆக, வாசத்தைச் செயற்கையாகச் செய்ய முடிந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

1959ல் ஜெர்மனியில் பூட்டெனாண்ட், சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிகால் என்ற கவர்ச்சிப் பொருளைப் பிரித்துக் காட்டினார். 20 வருஷத்துக்கும் மேலான உழைப்பு. அதற்கு அடுத்த வருஷமே அமெரிக்க விவசாயத் துறையின் ஜேக்கப்சன் குழு, நம்ம பூச்சியின் பொருளையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தது. ஜிப்டால் என்று பெயர். அதே சாயலில் ஜிப்லூர் என்று ஒன்றை விளக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்து மலிவாகத் தயாரித்தார்கள். அரை டாலர் நுனிக்குப் பதில் விளக்கெண்ணெய்! கார்சனும் தன் புத்தகத்தில் இதை நம்பிக்கையோடு குறிப்பிட்டார்.

ஆனால் தோட்டத்தில் வைத்தால் ஆண் பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தயாரிப்பில் கோளாறு என்று நினைத்தார்கள். எனக்குத் தோன்றுவது, சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடியிருக்கிறார்கள். மூலப் பொருளே தப்பு.

1970ல் பியர்ல், பெரோசா, காலியர் மூவரும் 78,000 வயிற்று நுனிகளோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கிடைத்தது டிஸ்பார்லூர், முற்றிலும் வேறு மூலக்கூறு. இதில் பெரோசா, 1960ல் தப்பாக அறிவித்த அதே குழுவில் இருந்தவர்! ஜேக்கப்சனும் அதே ஆண்டு மறுஆய்வு செய்து, ஜிப்டாலும் ஜிப்லூரும் பூச்சியை ஈர்க்கவில்லை என்று தானே எழுதினார். பத்து வருஷப் பேரை இப்படி அழித்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதோடும் முடியவில்லை. டிஸ்பார்லூருக்கு வலக்கை இடக்கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. 1974ல் ஜப்பானியர்கள் இரண்டையும் தனித்தனியே செய்தார்கள். ஒன்றுக்குத்தான் ஆண் பூச்சி மயங்கும், மற்றது கலந்தால் ஈர்ப்பு குறைந்துவிடும்.

இன்று அமெரிக்காவில் பூச்சி பரவும் எல்லையோரக் காடுகளில் இதைத்தான் பொறியில் வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள். சில இடங்களில் விமானத்திலிருந்தும் தூவுகிறார்கள். எங்கு பார்த்தாலும் பெண் வாசம், பெண்ணை மட்டும் காணோம். ஆண் பூச்சி சுற்றிச் சுற்றி அலைந்தே காலத்தை முடித்துக்கொள்கிறது.