கேட்டால் மட்டும் காற்று

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் முத்துக்குளிப்பு ஒற்றை மூச்சை நம்பி நடந்தது. குளியாள் கல் கட்டிய கயிற்றில் காலை மாட்டிக்கொள்வார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு இறங்குவார். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் முத்துப்பார். கால் தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டு, இரு கைகளாலும் சிப்பிகளை வாரி வலைப்பையில் போடுவார். ஏறக்குறைய ஒரு நிமிடம், அவ்வளவுதான். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அதன் அசைவுக்காகக் காத்திருப்பார். கரையில் 'கடல்கட்டி' சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவார். அவர் வராவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சுறாவைக் கட்ட மந்திரம் இருந்தது. மூச்சை நீட்டத்தான் வழியில்லை. அந்த வழி பல ஆயிரம் மைலுக்கு அப்பால், ஒரு சுரங்கத்துக்குள் பிறந்தது.

பெனுவா ரூக்கைரோல் பிரான்சின் சுரங்கப் பொறியாளர். சுரங்கத்தில் விஷவாயு பரவும்போது மீட்கப் போகிறவர்களும் மயங்கி விழுந்தார்கள். அவர்கள் சுவாசிக்க 1860-இல் அவர் ஒரு கருவியைச் செய்தார். கடற்படை அதிகாரி ஓகுஸ்த் தெனெரூஸ் அதைப் பார்த்தார். கடலுக்கும் இது உதவுமே என்று தோன்றியது. இருவரும் சேர்ந்து அதை முதுகில் சுமக்கும் காற்றுப்பெட்டியாக மாற்றினார்கள். அதன் உயிர்நாடி ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. மூச்சை உள்ளிழுத்தால் சவ்வு உட்குழியும், வால்வு திறக்கும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வரும். மூச்சை நிறுத்தினால் காற்றும் நிற்கும். கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். நீண்ட குழாய் வழியே மேற்பரப்புக் காற்றை இழுக்க நெஞ்சுக்கூட்டுக்குப் பலம் போதாது. அந்தச் சிக்கலை ஒரு சவ்வு தீர்த்துவிட்டது. ஆனால் அன்றைய இரும்புப் பெட்டியில் அதிகக் காற்றை அடைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், மறுபடி படகிலிருந்து வரும் குழாயைத்தான் நம்ப வேண்டும். கருவி மெல்ல மறக்கப்பட்டது. மறக்கப்படும் முன்பே ஒருவர் அதைத் தன் கதைக்குள் ஏற்றிவிட்டார்.

அவர் எழுத்தாளர் ஜூல் வெர்ன். 1870-இல் முழுமையாக வெளிவந்த அவருடைய கடலடி நாவலில் கேப்டன் நெமோவின் ஆட்கள் அணிவது, பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட இதே ரூக்கைரோல்-தெனெரூஸ் கருவியைத்தான். அதை அணிந்துகொண்டு நெமோ நடந்துபோன இடங்களில் ஒன்று நம் மன்னார் முத்துப்பார். அங்கே ஏழைக் குளியாள் ஒருவர்மீது சுறா பாய, நெமோ கத்தியோடு குறுக்கே விழுந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கையில் கொடுத்தனுப்புகிறார். முதுகில் காற்றைச் சுமந்தவரும் ஒற்றை மூச்சுக்காரரும் சந்தித்த அந்தக் காட்சி கற்பனைதான். அது நிஜமாக இன்னும் 70 வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்கு ஒரு கார் விபத்து தேவைப்பட்டது.

பிரெஞ்சுக் கடற்படையின் விமானியாகப் போகவிருந்த ழாக் கூஸ்தோ, 1930-களின் நடுவில் கார் விபத்தில் சிக்கினார். இரண்டு கைகளும் முறிந்தன. பறக்கும் கனவு போனது. துலோன் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டவர், கைகளுக்குப் பலம் ஏற்ற மத்தியதரைக் கடலில் நீந்தினார். 1936-இல் நண்பர் ஃபிலிப் தையே ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மாட்டித் தலையை நீருக்குள் அமிழ்த்திய கூஸ்தோவுக்கு அதன்பின் கரையில் மனம் ஒட்டவில்லை.

மூச்சை நீட்டச் சுத்தமான ஆக்சிஜனை முயன்றார். ஆழத்தில் அது நஞ்சாகும் என்பதை அவர் உடம்பே சொன்னது. இரண்டு முறை வலிப்பு வந்து, நினைவு தப்பும் முன் இடுப்பு எடையை அவிழ்த்ததால் மேலே மிதந்து பிழைத்தார். இன்னொரு கடற்படை அதிகாரி ஈவ் ல பிரியர் உயரழுத்த சிலிண்டரைக் கடலுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் காற்று குழாய்த் தண்ணீர்போல ஓயாமல் ஓடி வீணானது. சிலிண்டர் தயார். கேட்டால் மட்டும் கொடுக்கும் வால்வு எங்கே?

போர் அதைச் செய்துவைத்திருந்தது. ஜெர்மானியர் பிடியில் பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்கள் எரிவாயுவில் ஓடின. இன்ஜின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விட, ஏர் லிக்கிட் நிறுவனத்தின் எமில் காஞான் ஒரு சிறு வால்வு செய்திருந்தார். கூஸ்தோவின் மாமனார் அந்த நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். அவர் மூலமாக 1942 டிசம்பரில் பாரிஸில் இருவரும் சந்தித்தார்கள். கூஸ்தோ தன் தேவையைச் சொல்லி முடித்ததும் காஞான் அந்தக் கார் வால்வை எடுத்துக் காட்டினார். சில வாரங்களில் கருவி தயார். 1943 ஜனவரிக் குளிரில் மார்ன் ஆற்றில் இறங்கினார் கூஸ்தோ. படுத்து நீந்தினால் சுகமாக மூச்சு வந்தது. நிமிர்ந்தால் காற்று கொட்டித் தீர்ந்தது. தலைகீழானால் மூச்சு முட்டியது. கருவி தோற்றுவிட்டதாகவே எண்ணி இருவரும் திரும்பினார்கள்.

விடை திரும்பும் வழியிலேயே வந்தது. காற்று உள்ளே வரும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடையே சில அங்குல உயர வித்தியாசம் இருந்தது. அந்தச் சிறு அழுத்த வேறுபாடு போதும், வால்வைக் குழப்ப. வெளியேறும் வாயைச் சவ்வின் பக்கத்திலேயே வைத்தார்கள். ஜூனில் பந்தோல் ரயில் நிலையத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. பக்கத்துக் கடற்கரையில் மூன்று சிலிண்டர்களை முதுகில் கட்டிக்கொண்டு கூஸ்தோ இறங்க, மனைவி சிமோன் மேலே மிதந்தபடி கண் எடுக்காமல் பார்த்தார். கூஸ்தோ படுத்தார், நிமிர்ந்தார், குட்டிக்கரணம் போட்டார். எந்த நிலையிலும் மூச்சு சீராக வந்தது. பஞ்சகாலத்துச் சாப்பாட்டுக்குப் பாறை இடுக்கிலிருந்து சிங்கி இறாலையும் பிடித்து வந்தார். அக்வாலங் என்று விற்பனைக்கு வந்த அந்தக் கருவிதான், ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அமெரிக்கர்கள் வைத்த பெயரில் இன்று ஸ்கூபா.

நம் கடலுக்கும் அது சீக்கிரமே வந்தது. 1956-இல் திருகோணமலை சுவாமி மலையடியில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் ஸ்கூபாவோடு மூழ்கினார். 1622-இல் போர்த்துக்கீசியர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்கள் அங்கே கடலடியில் கிடந்தன. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் முத்துப்பார்களுக்குள் இறங்கி, குளியாட்கள் ஒரு நிமிடம் மட்டுமே பார்த்த தரையை நிதானமாக ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் 1961-இல் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த ஆழத்தை அறிந்திருந்தவர்களின் மூச்சு நீளவே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்று அதே வால்வை வாயில் கவ்விக்கொண்டு மாலத்தீவின் பவளப்பாறைகளில் உல்லாசப் பயணிகள் இறங்குகிறார்கள். பாறையோரம் மணலில் அடங்கி உட்கார்ந்தால் கொம்புத் திருக்கைகள் வரும். பாறையில் வாழும் பெரிய கொம்புத் திருக்கையின் இறக்கை விரிப்பு ஐந்து மீட்டர் வரை போகும். வாலில் விஷமுள் கிடையாது. பாறைக்கு மேலே அவை மெதுவாக வட்டமிட, விரல் நீள மீன்கள் அவற்றின் செவுளைக் கொத்திச் சுத்தம் செய்யும்.

அந்தத் திருக்கைகள் மிக அதிகமாகக் கூடும் இடம் பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மிதவையுயிரிகள் அங்கே குவிய, நூற்றுக்கும் மேற்பட்ட திருக்கைகள் வாயைத் திறந்தபடி சுற்றுவதுண்டு. அந்த ஒரு கடலில் 2012 முதல் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. இரை தின்னும் திருக்கைகளுக்கு இடைஞ்சல் கூடாது என்பதால், சிலிண்டரைப் படகிலேயே வைத்துவிட்டு நீர்மேல் மிதந்துதான் பார்க்க வேண்டும்.